இரு பக்க இசைத்தட்டில் ஓர் இல்லறம்

அமெரிக்கத் தென்மாநிலங்களில் பிறந்து உலகெங்கும் பரவிய கன்ட்ரி இசை, கணவன் மனைவி உறவை எவ்வாறு பாடிற்று என்பதே இன்றைய பொழிவின் பொருள். குறிப்பாக, ஓர் இசைத்தட்டு முழுவதையும் ஒரே இல்லறத்தின் கதையாக அமைத்து, அன்பின் உறுதியையும் அது முறிந்தபோது எழுந்த நோவையும் அருகருகே வைத்த படைப்பைத் தமிழர் எந்தக் காதால் கேட்கலாம் என்பது இங்கே ஆராயப்படும். இதைப் பெங்களூரின் காக்ஸ் டவுனில் பேசுவது பொருந்துமா? இந்தப் பாட்டுகளைத் தம் சொந்தப் பாட்டாகவே கேட்டு வளர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும், அவர்களுக்குச் சுவரொட்டிய அண்டை வீட்டாராக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களும் சேர்ந்து இருக்கும் இடத்தைவிடப் பொருத்தமான இடம் வேறொன்று இருத்தல் அரிது.

கன்ட்ரி என்பது என்ன? பிரித்தானியத் தீவுகளிலிருந்து குடியேறிய உழவர்கள் கொண்டுவந்த கதைப்பாட்டும் பிடிலும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் புளூஸ் பாட்டும் பாஞ்சோ எனும் நரம்புக்கருவியும், தேவாலயக் கீர்த்தனையும் அப்பலாச்சியன் மலைப்பகுதியில் கலந்து உருவான மக்களிசை அது. 1927-இல் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிரிஸ்டல் எனும் ஊரில் ரால்ஃப் பியர் செய்த ஒலிப்பதிவுகளில்தான் கார்ட்டர் குடும்பத்தாரின் குரல் முதன்முதலில் தட்டில் ஏறிற்று. அக்குடும்பத்தின் நடுவில் நின்ற ஏ.பி. கார்ட்டரும் சாரா கார்ட்டரும் கணவன் மனைவியர். 1930-களில் அவர்கள் பிரிந்து மணவிலக்கும் பெற்றனர். பிரிந்த பின்னும் ஒரே ஒலிவாங்கியின் முன் சேர்ந்து நின்று பாடினர். கன்ட்ரி இசையின் முதற்குடும்பமே முறிந்த இல்லறமாக இருந்தும் பாட்டு முறியவில்லை என்பதை அவையோர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்; இனி வரும் யாவும் அந்த ஒரு நிலையின் விரிவே.

அந்த இசை இங்கே எப்படி வந்தது? 1809-இல் பிரித்தானியர் பெங்களூரில் நிறுவிய கன்டோன்மென்ட் எனும் படைக்குடியிருப்பு, 1947-இல் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்படும் வரை தனி ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. சென்னைப் படையோடும், படைக்குப் பொருள் வழங்கிய வணிகத்தோடும் வந்த தமிழர் அதன் தெருக்களை நிறைத்தனர். இரயில்வேயிலும் தந்தித் துறையிலும் பணியாற்றிய ஆங்கிலோ இந்தியர் அதன் ஓட்டு வீடுகளில் குடியிருந்தனர். காக்ஸ் டவுன், குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், பிரேசர் டவுன் என ஆங்கில அதிகாரிகளின் பெயரை இன்றும் சுமக்கும் இப்பகுதிகளில் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பும், கிராமபோன் தட்டும், கிறிஸ்துமஸ் கால நடன இரவுகளும் அமெரிக்கப் பாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தன.

அவற்றுள் ஒரு குரல் மட்டும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வேறெந்தக் கன்ட்ரிப் பாடகருக்கும் கிடைக்காத இடத்தைப் பெற்றது. அது டெக்சாஸ் மாநிலத்து ஜிம் ரீவ்ஸின் குரல். 1964 ஜூலை 31 அன்று நாஷ்வில் அருகே விமான விபத்தில் இறந்த அவர், 1957-இல் வெளிவந்த ‘ஃபோர் வால்ஸ்’ பாட்டிலிருந்து உரக்கப் பாடும் பழைய முறையைக் கைவிட்டு, ஒலிவாங்கியை உதட்டருகே வைத்துத் தாழ்ந்த குரலில் பாடும் முறையைக் கைக்கொண்டார். ஏ.எம். ராஜாவின் மென்குரலுக்கும் பி.பி. ஸ்ரீனிவாஸின் மென்குரலுக்கும் பழகிய காதுகளுக்கு அந்த அடக்கம் அயலாகத் தோன்றவில்லை. ‘ஃபோர் வால்ஸ்’ எதைப் பாடுகிறது? துணை வெளியே களித்திருக்க, வீட்டின் நான்கு சுவர்களுக்குள் காத்திருப்பவரின் நிலையை. அடுத்து வந்து, 1960-இல் அமெரிக்கக் கன்ட்ரிப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் நின்ற ‘ஹீல் ஹேவ் டு கோ’ எதைப் பாடுகிறது? தன் அன்புக்குரியவள் அருகே வேறொருவன் இருப்பதை அறிந்தும், தொலைபேசியில் குரல் உயர்த்தாமல் அவளுடைய முடிவைக் கேட்பவனின் நிலையை. இப்பாட்டை எழுதியவர்கள் ஜோ அலிசன், ஆட்ரி அலிசன் எனும் கணவனும் மனைவியும் ஆவர். மனைவி தொலைபேசியில் மிக மெல்லப் பேசும் இயல்பினர் என்பதிலிருந்தே பாட்டின் கரு பிறந்தது. ஓர் இல்லறத்தின் அன்றாடப் பழக்கம் உலகம் முழுவதும் கேட்ட பிரிவுப்பாட்டானது இவ்வாறு.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து நோக்க வேண்டும். தமிழ்த் திரைப்பாட்டில் காதலின் பெரும்பகுதி மாலை மாற்றுவதற்கு முன் நிகழ்வது; பூங்காவும் ஆற்றங்கரையும் அதற்குக் களம். மணமான பின் பாடப்படும் அரிய பாட்டுகள் உண்டு எனினும் அவை சிறுபான்மையே. கன்ட்ரி இசையோ பெரும்பாலும் மணமான பின்னரே தொடங்குகிறது. அதன் களம் சமையலறை, படுக்கையறை, குழந்தை உறங்கும் அறை, வாசற்கதவு. அதன் துயரம், கிடைக்காத காதலைப் பற்றிய துயரமன்று. சொன்ன சொல் காக்கப்படாததைப் பற்றிய துயரம். இது தமிழுக்குப் புதிதா? திருக்குறளின் காமத்துப்பாலைத் திறந்தால் களவியலுக்கு 7 அதிகாரங்களே உள்ளன, கற்பியலுக்கு 18. அந்தக் கற்பியலும் திருமணக் கொண்டாட்டத்தில் தொடங்கவில்லை, பிரிவாற்றாமையில் தொடங்குகிறது. வள்ளுவர் பிரிவுக்கும் ஊடலுக்கும் அளித்த இடத்தை எண்ணினால், கன்ட்ரி இசையைத் தமிழர் தம் பழைய அகமரபின் உறவாகக் கேட்பதில் வியப்பு எதுவும் இல்லை. மருதத்திணையில் பரத்தையிடமிருந்து திரும்பிய கணவன் வாசலில் நிற்க, உள்ளே இருப்பவள் கதவைத் திறக்கலாமா என எண்ணும் அந்த நேரமே நூற்றுக்கணக்கான கன்ட்ரிப் பாட்டுகளின் நேரமும் ஆகும்.

மருதத்துத் தலைவி சினந்து பேசுவாள். கன்ட்ரி இசையில் பெண் அப்படிப் பேச 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டை விட்டு மதுக்கூடத்துக்குப் போன மனைவியைப் பழித்து ஹாங்க் தாம்சன் பாடிய பாட்டுக்கு விடையாக, பெண்ணைத் தவறச் செய்தது தாம் மணமானவர் என்பதை மறந்து திரிந்த ஆண்களே என்று கிட்டி வெல்ஸ் பாடினார். வானொலி நிறுவனம் ஒன்று அதைத் தடுத்தது. ஆயினும் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் தனிப் பெண்குரல் அதுவே. இவ்வளவு கூர்மையாகக் கணவர் குலத்தைக் கண்டித்த அப்பெண்மணி 1937-இல் ஜானி ரைட்டை மணந்து, 2011-இல் அவர் இறக்கும் வரை 70 ஆண்டுகளுக்கு மேல் அவருடன் வாழ்ந்தார். உறுதியாக வாழ்ந்தவருக்கே முறிவின் கொடுமையை அவ்வளவு துணிந்து பாட இயன்றது.

அதே கிட்டி வெல்ஸும் பாடிய ஒரு பாட்டு சென்னையில் பிறந்த ஒருவரின் குரலில் உலகப் புகழ் பெற்ற செய்தி இந்த அவைக்கு மகிழ்ச்சி தரும். எட்டி மில்லர் முதலானோர் எழுதிய ‘ரிலீஸ் மீ’ எனும் அப்பாட்டு, அன்பு தீர்ந்துபோன ஒரு பந்தத்திலிருந்து விடுவிக்குமாறு துணையை வேண்டுவது. 1936 மே 2 அன்று மதராசில், படைப்பணியாளர் ஒருவரின் மகனாக ஆர்னால்ட் ஜார்ஜ் டார்சி எனும் பெயருடன் பிறந்து, இளமையிலேயே இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்த எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் அதை 1967-இல் பாடியபோது, பிரித்தானியப் பட்டியலில் பீட்டில்ஸ் குழுவின் புதிய தட்டையே இரண்டாம் இடத்தில் நிறுத்திவிட்டு 6 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே பெயரில் வந்த அவருடைய முதல் நீண்ட இசைத்தட்டு மேற்பூச்சில் மெல்லிசையாக இருப்பினும், அதன் நடுவில் நிற்பது கன்ட்ரியின் இல்லறத் துயரமே.

விடுவித்துவிடு என்று பாடுவது எளிது. விடுதலை பெறுவது அப்போது எளிதாக இருந்ததா? அந்தத் தட்டு காக்ஸ் டவுன் வீடுகளில் சுழன்ற காலத்தில் இந்தியக் கிறித்தவர்களின் மணமுறிவை ஆண்டது 1869-ஆம் ஆண்டின் இந்திய மணவிலக்குச் சட்டம். மனைவி பிறனோடு கூடினாள் என்ற ஒரே காரணத்தைக் காட்டிக் கணவன் விலக்குக் கோரலாம். மனைவிக்கோ அது போதாது, கணவனின் பிறழ்வோடு கொடுமையோ, இரண்டாண்டுக் கைவிடலோ, வேறு கொடிய குற்றமோ சேர்ந்து மெய்ப்பிக்கப்பட வேண்டும். மாவட்ட நீதிமன்றம் விலக்கு அளித்தாலும் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்ய வேண்டும். இருவரும் மனமொத்துப் பிரியும் வழியே அச்சட்டத்தில் இல்லை. 1995-இல் கேரள உயர்நீதிமன்றம் இப்பாகுபாட்டைச் செல்லாதென அறிவித்தது. நாடு முழுமைக்கும் 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகவே கணவனும் மனைவியும் சமநிலை பெற்றனர், மனமொத்த பிரிவும் இடம்பெற்றது. கத்தோலிக்கத் திருச்சபையோ மணவிலக்கை ஏற்பதே இல்லை. சட்டம் ஒருபுறமும் சபை மறுபுறமும் கதவைச் சாத்தியிருந்த அந்த நெடுங்காலத்தில், வெளியே சொல்ல இயலாத ஒன்றை ஓர் அமெரிக்கக் குரல் முன்னறையில் மூன்று நிமிடம் சொல்லிவிட்டுப் போயிற்று. அந்த மூன்று நிமிடத்தின் மதிப்பை இசையிலக்கணம் மட்டும் அறிந்தவர்கள் அளந்துவிட முடியாது.

இனி, இப்பொழிவின் நடுப்பொருளுக்கு வரலாம். தனிப்பாட்டு ஒரு கணத்தைக் காட்டும். ஓர் இல்லறம் ஒரு கணத்தில் முறிவதில்லை. அதன் நெடுமையைக் காட்ட நீண்ட இசைத்தட்டு வேண்டியிருந்தது. 1974-இல் வில்லி நெல்சன் வெளியிட்ட ‘ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ்’ அத்தகைய படைப்பு. டெக்சாஸ் மாநிலத்து அபட் எனும் சிற்றூரில் 1933-இல் பிறந்த நெல்சன், நாஷ்வில் நகரத்து இசைத்தொழிலோடு முரண்பட்டுச் சொந்த மாநிலத்துக்குத் திரும்பியவர். கறுப்பின மக்களின் சோல் இசையைப் பதிவதில் பெயர்பெற்ற ஜெர்ரி வெக்ஸ்லர் தயாரிக்க, அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் அது பதிவாயிற்று. ஒரு மணமுறிவே அதன் கதை. தட்டின் முதற்பக்கம் முழுதும் மனைவியின் கதை. புரட்டினால் வரும் மறுபக்கம் முழுதும் கணவனின் கதை.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இந்த அமைப்பைப் பார்த்த உடனேயே ஒன்று தோன்றும். கூற்று! அகப்பாட்டை இன்னார் கூற்று என்று வகுத்தே தமிழ்மரபு படித்தது: தலைவி கூற்று, தலைவன் கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. அகத்தில் எவர் பெயரையும் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. நெல்சனின் இந்தத் தட்டிலும் கணவனுக்குப் பெயரில்லை, மனைவிக்குப் பெயரில்லை. பெயரற்ற அந்த இருவருக்கும் ஆளுக்கொரு பக்கம். கணவன் பேசும்போது மனைவி குறுக்கிட இயலாது. மனைவி பேசும்போது கணவன் மறுக்க இயலாது. நீதிமன்றத்தில்கூடக் கிடைக்காத இந்த முழுச் செவியை ஒரு வட்டத்தட்டின் இரு முகங்கள் கொடுத்தன.

முதற்பக்கம் எங்கே தொடங்குகிறது? பாத்திரம் கழுவும் தொட்டியருகே. பெருஞ்சண்டை இல்லை, அடி இல்லை, அழுகை இல்லை. பிறருக்காகக் கழுவியும் துவைத்தும் தேய்ந்த ஒருத்தி, யாரும் தன்னைப் பாராததை உணர்ந்து நடந்து வெளியேறுகிறாள். அடுத்து அவள் தாய்வீடு சேர்கிறாள். அப்பாட்டு அவள் குரலில் இல்லை. வீட்டார் பார்வையில் அமைந்தது. எதையும் துருவிக் கேளாமல் அவளை உறங்க விடுகிறார்கள். மகள் பிரிந்து போனதைப் பாடிய தாய்க்குரல் பாலைத்திணையில் உண்டு. மணம் முறிந்து திரும்பி வந்த மகளை ஏற்றுக்கொள்ளும் வீட்டின் குரல் அங்கே எளிதில் அகப்படாது. பின்னர் அவள் தெருமுனை மதுக்கூடத்துக்கு நடனமாடப் போகிறாள். இறுதியில் மீண்டும் ஒரு காதல் அரும்ப, அதை நம்பலாமா என அஞ்சுகிறாள். அந்த அச்சத்தோடே பக்கம் முடிகிறது.

மறுபக்கம் வேறு விரைவில் ஓடுகிறது. காலையிலேயே குடித்துக்கொண்டு விமானத்தில் பறக்கும் கணவனோடு அது தொடங்குகிறது. பிடிலும் கிதாரும் முந்தியடித்துச் செல்ல, துயரத்தை அவன் வேகத்தால் மறைக்கிறான். வேகம் தீர்ந்ததும் வருவது, அவள் போய்விட்டதை இன்னும் நம்ப இயலாதவனின் பாட்டு. தம் தாளக்கலைஞர் பால் இங்கிலிஷின் மனைவி இறந்த துயரிலிருந்து நெல்சன் எழுதிய பாட்டு அது. மணமுறிவின் கதைக்குள் அதைப் பொருத்தியபோது, இறப்பால் வரும் பிரிவும் இசைவின்மையால் வரும் பிரிவும் எஞ்சியிருப்பவனுக்கு ஒரே வெறுமையைத் தருவன என்பது கேட்போர்க்கு விளங்குகிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே தலைப்பாட்டின் சிறு மெட்டு திரும்பத் திரும்ப வந்து இரு பக்கங்களையும் இணைக்கிறது. இருவரும் ஒரே மெட்டுக்குள் வாழ்கிறார்கள். ஆனால் ஒருவர் மற்றவரைக் கேட்பதில்லை. கேட்கும் ஒரே ஆள், தட்டைப் புரட்டுபவர். இந்த ஒரு காரணத்தாலேயே, அடுத்த ஆண்டு வந்து பெரும்புகழ் பெற்ற நெல்சனின் ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ தட்டைவிட இதுவே உயர்ந்தது எனக் கொள்ள இடமுண்டு. அங்கே பிரிந்த மனைவியைக் கணவன் கொல்கிறான். கதை அவனுடையதாகவே இருக்கிறது. இங்கே அவளுக்கு அரைத்தட்டு உரிமை உண்டு, அதுவும் முதல் அரை.

கதையாகப் பாடியவர் நெல்சன். கதையையே வாழ்ந்து பாடியவர்கள் ஜார்ஜ் ஜோன்ஸும் டாமி வைனெட்டும். 1969-இல் மணந்து, ஜோடியாக இசைத்தட்டுகள் வெளியிட்டு, 1975-இல் மணவிலக்குப் பெற்ற அவ்விருவரும், கார்ட்டர் தம்பதியரைப் போலவே பிரிந்த பின்னும் சேர்ந்து பாடினர். 1976-இல் அவர்கள் வெளியிட்ட ‘கோல்டன் ரிங்’ எனும் பாட்டு ஒரு பொன்மோதிரத்தின் கதை. அடகுக்கடையில் ஓர் இணை அதை வாங்குகிறது, தேவாலயத்தில் மணம் முடிகிறது, பின் பூசல் மூள்கிறது, மோதிரம் மீண்டும் அடகுக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து சேர்கிறது. தாலிப்பொன் அடகுக்கடை வாசலை மிதிப்பது எத்தகைய நிகழ்ச்சி என்பதைத் தமிழ்ப் பெண்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மணவிலக்குப் பெற்ற ஒருவனும் ஒருத்தியும் அருகருகே நின்று அந்த மோதிரத்தைப் பாடியதைக் கேட்டவர்கள், அதைக் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடத்துக்கு உயர்த்தினர்.

1980-இல் ஜோன்ஸ் தனித்துப் பாடிய ‘ஹீ ஸ்டாப்ட் லவிங் ஹெர் டுடே’, சாகும்வரை நேசிப்பேன் என்று சொன்னவன் உண்மையிலேயே சாகும்வரை நேசித்துப் பாடையில் போவதைச் சொல்கிறது. இவ்வளவு துயரமான பாட்டை யாரும் வாங்கமாட்டார் என்று ஜோன்ஸே கருதினார். அது அவருடைய மிகப்பெரும் வெற்றியாயிற்று. தமிழ் மரபு காத்திருத்தலைப் பெரும்பாலும் பெண்ணின் அறமாக வைத்தது. நரைத்த ஆணொருவனைக் காத்திருக்க வைத்து, அந்தக் காத்திருப்பைக் கேலிக்குரியதாக அல்லாமல் மாண்புடையதாகக் காட்டியது இப்பாட்டு.

ஆயினும் எல்லாவற்றையும் புகழ்ந்து கடப்பது நேர்மையாகாது. டாமி வைனெட்டின் 1968-ஆம் ஆண்டுப் பாட்டான ‘ஸ்டாண்ட் பை யுவர் மேன்’ கணவன் தவறினும் மனைவி உடன் நின்று பொறுக்க வேண்டும் என்று கேட்கிறது. பொறுமையை ஒருவர்க்கு மட்டும் விதிக்கும் அறம் அறமாகுமா? ஆகாது. பெண்ணுரிமைப் பேச்சு எழுச்சி பெற்ற அந்நாளிலேயே அப்பாட்டு கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதே ஆண்டில் அதே பெண்மணி, சிறுவனுக்குப் புரிந்துவிடக் கூடாதென்று மணவிலக்கு எனும் ஆங்கிலச் சொல்லை எழுத்து எழுத்தாக உச்சரிக்கும் தாயின் பாட்டையும் பாடினார். ஐந்து முறை மணந்த அவருடைய குரலில் கட்டளையைவிட ஏக்கமே மிகுதி. பாட்டின் கருத்தை மறுத்துக்கொண்டே அந்தக் குரலுக்கு மனம் கொடுப்பது முரண்பாடு அன்று. கண்ணகியின் பொறுமையை ஏற்காதவரும் அவள் துயரத்துக்கு அழுகிறார்கள் அல்லவா?

முறிவைப் பாடியவர்கள் எல்லாரும் முறிவை வாழ்ந்தவர்கள் அல்லர். விடுவிக்குமாறு பாடிப் புகழடைந்த எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க், 1964-இல் தாம் மணந்த பட்ரிஷியாவோடு, அவர் மறதிநோயுற்ற ஆண்டுகளிலும் உடனிருந்து, 2021-இல் அவர் மறையும்வரை வாழ்ந்தார். ஜிம் ரீவ்ஸின் மனைவி மேரி, கணவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற பதிவுகளை ஒவ்வொன்றாக உலகுக்கு வெளிக்கொணர்ந்தார். அவ்வாறு வந்த ‘டிஸ்டன்ட் டிரம்ஸ்’, பாடியவர் இறந்து இரண்டாண்டுக்குப் பின் 1966-இல் பிரித்தானியப் பட்டியலில் முதலிடம் பெற்றது. காக்ஸ் டவுனில் ஆண்டுதோறும் டிசம்பரில் ஒலிக்கும் அவருடைய குரல் நீடித்ததில் அந்த அம்மையாரின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

அவ்வுழைப்பை எண்ணும் இவ்வேளையில் இந்த அவையின்முன் ஒரு வேண்டுகோள் வைக்கப்படுகிறது. இங்குள்ள வீடுகளின் பரணிலும் மர அலமாரியிலும் பழைய தட்டுகள் இன்னும் இருக்கின்றன. 1947-க்குப் பின் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போன ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் விட்டுச்சென்றவையும் அண்டைத் தமிழ் வீடுகளில் உண்டு. அவற்றை எடைக்குப் போடுமுன் உறையின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அன்பளிப்பாகக் கொடுத்தவர் பெயரும், மணநாளும், சில இடங்களில் ஒரு வரிக் குறிப்பும் மையில் எழுதப்பட்டிருக்கக்கூடும். எழுதியவர் எவர், எந்தத் திருமணத்துக்குக் கொடுத்தார், எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டனர் என்று அத்தெருவின் மூத்தோரிடம் கேட்டு, கேட்டதைத் தமிழிலேயே எழுதிவைக்க வேண்டும். அப்பணியை இளைஞர்கள் இந்த டிசம்பருக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். கேட்டால் சொல்லக்கூடிய மூத்தோர் இன்றைக்கு இந்த அரங்கின் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.